கையெழுத்துப் போட முடியாத உலோகவியலாளர்

பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. என் தங்கையின் கணவர் செல்லத்துரை கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் மலேரியாக் காய்ச்சலில் காலமாகிவிட்டார். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல். உடம்பு கொதிக்கக் கொதிக்க ரயிலேறி, எங்கோ உடைந்த பாலத்துச் சங்கிலி ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறார். அவரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சொன்னால் கேட்கிற மனிதரா அவர்?

மலாக்காப் பக்கத்துப் புலாவ் செபாங் ரயில் நிலையக் குமாஸ்தாவின் மகன் அவர். இந்தியாவுக்குப் போய் உலோகவியல் படித்துத் திரும்பியபோது, அரசாங்க உத்தியோகம் தேடி வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர் வந்து சேர்ந்த சமயம் பார்த்து, பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் சக்கரம் வெடித்து முத்தம்மா என்ற பெண் இறந்துபோனாள். எஞ்சினை ஓட்டிய கருப்பையாவைப் போலீஸ் பிடித்தது. வேகத்தைக் கூட்டினான், குடித்திருந்தான் என்று வழக்கு.

ஜாமீனில் வந்த கருப்பையா செல்லத்துரையைத் தேடி வந்து அழுதான். "ஐயா, சத்தியமா நான் ஓட்டத்தைக் கூட்டல. தானா ஒடஞ்சுச்சு. தொரை நம்ப மாட்டேங்கிறாரு, ஐயா."

செல்லத்துரை போய் உடைந்த துண்டுகளைப் பார்த்தார். இரும்பை வார்த்தபோதே உள்ளே பொள்ளல் விழுந்திருந்தது. விரிசலில் பழைய துரு. பல நாளாகவே பிளந்திருந்த சக்கரம் அது. மலாக்கா நீதிமன்றத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லப் போனார். "நீர் எந்த அரசாங்க இலாகா?" என்று நீதிபதி கேட்டார். எந்த இலாகாவும் இல்லை என்றார். "அப்படியானால் உட்காரும்." கருப்பையா சிறைக்குப் போனான்.

அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். அரசாங்க உலோகவியலாளராகியே தீருவது. இந்தியப் பட்டயம் செல்லாது என்றார்கள். சீமைப் பரீட்சைக்குத் தபாலில் படித்துத் தேறினார். ஈயம் உருக்கும் ஆலையில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும் என்றார்கள். பினாங்குக்குப் போய் உலைச் சூட்டில் வெந்தார். திரும்பி வந்தால், வயது கடந்துவிட்டது என்றார்கள். இதற்குள் என் தங்கைக்கும் அவருக்கும் கலியாணம் பேசி முடித்து, அவள் காத்திருந்தே களைத்துப் போயிருந்தாள். இடையில் ஒரு வங்கி வேலை வந்தது. அதையும் வேண்டாம் என்றார்.

மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் என் அறைக்கு வந்தவரிடம் வெடித்தேன். "உந்த உத்தியோகத்தை விட்டா உலகத்தில வேற உத்தியோகமே இல்லையோ? என்ர தங்கச்சி கிழவியாகட்டும் எண்டு பாக்கிறியோ?"

"மச்சான், வங்கியில இருந்துகொண்டு நான் இரும்பைப் பற்றிச் சொன்னா ஆர் கேப்பினம்?" என்றார், கொஞ்சமும் கோபப்படாமல். அந்தப் பொறுமை என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

வயது விலக்குக் கேட்டு மனுமேல் மனு போட்டார். கடைசியில் வந்த பதில் இதுதான்: தகுதி எல்லாம் உண்டு, ஆனால் அந்தப் பதவி ஐரோப்பியருக்கு மட்டும். வேண்டுமானால் ஆய்வுக்கூட உதவியாளராக வரலாம். இவ்வளவு காலம் பிடிவாதம் பிடித்த மனிதர், மறுபேச்சில்லாமல் அந்த வேலையில் சேர்ந்தார்! கலியாணத்தன்றுகூட நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அதன் பிறகு இன்னொரு தோட்டத்தில் பாரந்தூக்கிக் கொக்கி முறிந்து ஒருவன் செத்தான். இயக்கியவன் மேல் பழி. செல்லத்துரை கொக்கியை அறுத்து, மெருகேற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்து, இரும்பு கெட்டது என்று அறிக்கை எழுதினார். உதவியாளருக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லாததால், வெள்ளைக்கார மேலதிகாரி போட்டார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு இயக்கியவனை விடுவித்தது. அறிக்கையில் செல்லத்துரை பெயர் எங்குமே இல்லை.

"உனக்கு ரோசமே வராதோ?" என்று கேட்டேன்.

"வரும், மச்சான். வராமல் இருக்குமே? ஆனா அந்த மனுசன் சிறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போயிட்டான் எல்லோ."

மரண அறிவித்தல் கொடுக்கப் போனபோது, பத்திரிகைக்காரர் உத்தியோகம் என்னவென்று கேட்டார். அலுவலகத்திலிருந்து 'ஆய்வுக்கூட உதவியாளர்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "உலோகவியலாளர் எண்டு போடுங்கோ" என்றேன். அப்படி ஒரு பதவி அவருக்கு இல்லையே என்று அவர் இழுத்தார். அச்சுக் கோப்பவர் அந்தச் சொல்லைக் கோத்து முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. என்னை இவ்வளவு காலம் எரிச்சலூட்டிய அவருடைய பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் விடுவதாக இல்லை.