நீ பாட்டுக்குப் பாடு

அப்பா எங்கள் காட்டூர் வீட்டு மாடியில் மெல்லிசைக் குழு ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்திகை. கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறவர்களிடம் கத்திச் சொல்ல முடியுமா? அதனால் எல்லாம் சைகைதான். இடது கையை ஒரு நொடி எடுத்து ஒரு விரல் தூக்கினால் பல்லவி, இரண்டு விரல் என்றால் சரணம், கையை மூடினால் பாட்டு முடிகிறது என்று அர்த்தம்.

அந்த விரல்கள் எல்லாம் ஸ்ரீரங்கத்து அத்தை மகளுக்கே. என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள், ஆனால் நடு மைக் அவளுக்கு. அப்பா அவள் முகத்தையே பார்ப்பார், புருவத்தை உயர்த்துவார், அவள் சரியாக எடுத்துவிட்டால் சிரிப்பு வேறு. பின்னால் ரிதம் பேடில் தாளம் தட்டுகிற மாமா பக்கத்தில் நின்று ஹம்மிங் பாடுகிற எனக்கு அப்பாவின் முதுகுதான். வயிறு பற்றி எரியும். மகாராணிக்கு எந்த இடத்தில் சரணம் என்றுகூட ஞாபகம் இருக்காது. எனக்கோ பாட்டு மொத்தமும் தலைகீழ்ப் பாடம். தப்புத் தப்பாகப் பாடுகிறவளுக்கு இத்தனை சீராட்டா?

மண்ணச்சநல்லூர்த் திருவிழாவுக்கு முந்தின ஒத்திகையில் கேட்டேவிட்டேன். “எனக்கும் விரல் காட்டுங்கப்பா.”

“உனக்கெதுக்கு? நீ பாட்டுக்குப் பாடு” என்று அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ பாட்டுக்கு! எக்கேடோ கெட்டுப் போ என்றுதான் என் காதில் விழுந்தது. பாட மாட்டேன், போங்க என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். பல்லவி முடிந்தது. சரணத்துக்கு முன்னால் என் ஹம்மிங் வரவேண்டிய இடம் வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் இடது கை அந்தரத்தில் நின்றது. பேட் மாமா ஒரு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டார். அத்தை மகள் திருதிருவென்று விழித்தாள். பாட்டு அங்கேயே நின்றுபோனது.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். “வாயில என்ன கொழுக்கட்டையா? நீ முடிச்சாத்தானே நான் விரலத் தூக்க முடியும்?”

“பாப்பா ஹம்மிங்க வச்சுத்தானே நாங்க எல்லாருமே உள்ள வர்றோம்” என்றார் பேட் மாமாவும்.

ஆளாளுக்குத் திட்டுகிறார்களே என்று எனக்கு அழுகை பொங்கிவிட்டது. படியிறங்கி அம்மாவிடம் ஓடினேன். “பாடினா பாக்க மாட்டேங்கிறாரு, பாடலைன்னா திட்டுறாரு!”

“இப்ப என்னதான்டி வேணும் உனக்கு?” என்றாள் அம்மா.

“அவளுக்குக் காட்டுறதுல ஒரே ஒரு விரலாவது எனக்குக் காட்டச் சொல்லும்மா” என்று விக்கி விக்கி அழுதேன்.