ரப்பரைக் கழற்றிய ஆம்ப்ளிஃபயர்

இரண்டாம் சுரங்கம் வெட்டத் தொடங்கிய வருஷம் வாங்கியது இந்தக் கிடார் ஆம்ப்ளிஃபயர். கச்சேரியில் வாசிக்கிற நாலு பேரும், ஒயர் பார்க்கிற நானும் சேர்ந்து வாங்கினோம். ரொம்ப நாளாய் ஓடாமல் கிடந்ததை இன்றைக்கு வீட்டிலேயே பிரித்தேன். (நான் சொல்ல, மருமகள் இந்தக் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறாள்.)

கெப்பாசிட்டரை மாற்றியதும் பெட்டி உறுமியது.

“அந்தோணி மாமாவுக்குத்தான் காதே கேக்காதே மாமா, யாருக்கு இம்மாம் பாடு?” என்றாள் மருமகள்.

அந்தோணி எங்கள் கிடார்காரன். சுரங்க மெஷின் சத்தத்தில் காது போனதிலிருந்து கிடாரைத் தொடவில்லை.

கீழ் குவார்ட்டர்ஸ் அதிராமலிருக்க, அன்று பெட்டிக்கடியில் கன்வேயர் பெல்ட் ரப்பர் ஒட்டியிருந்தோம். அதைப் பிய்த்தெறிந்தேன். பெட்டியை மரப்பெஞ்சோடு போல்ட் போட்டு இறுக்கினேன். அந்தோணியை வரவழைத்து, அதே பெஞ்சில் உட்காரவைத்துக் கிடாரைக் கொடுத்தேன்.

மனசில்லாமல் ஒரு தட்டு தட்டினான். சட்டென்று நிமிர்ந்தான்.

“டேய், அடிக்கம்பி சுருதி எறங்கிக்கினு இருக்குடா!”

கம்பியை முறுக்கினான். பெஞ்சின் அதிர்வை உடம்பால் கேட்டே சுருதி சேர்த்துவிட்டான். பிறகு சாயங்காலம் வரை கிடாரைக் கீழே வைக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர்களே, திட்டுவதென்றால் இங்கேயே என்னைத் திட்டுங்கள், மேலே வந்து அவனை நிறுத்திவிடாதீர்கள். வாசித்த நாலு பேரில் இன்றைக்கு மிச்சமிருப்பது அந்தோணி மட்டும்தான்.