துரை சொன்னதாக மத்தியாஸ் சொன்னது

வெள்ளிமுடி தேயிலை எஸ்டேட்டில் மத்தியாஸுக்கு வேலை இரண்டு. மாதம் பூராவும் ஆபீசில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது ஒன்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று, இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் எடுத்துச் சொல்வது இன்னொன்று. சம்பளம் முதல் வேலைக்குத்தான். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளி ஜனங்கள் அவரைக் கண்டால் தலைத்துண்டை எடுத்தது இரண்டாவது வேலைக்காக.

துரை என்றதும் வெள்ளைக்காரனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலமெல்லாம் மலையிறங்கிப் போய்விட்டது. எழுபதாம் வருஷம் மேனேஜராக வந்த இந்தத் துரை பஞ்சாப்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘கொழுந்து’, ‘சீக்கிரம்’ என்ற இரண்டே வார்த்தை. ஆகவே புகார் நாளில் மத்தியாஸ் வாயைத் திறந்தால்தான் எதுவும் நடக்கும். கூரை ஒழுகுகிறது என்று ஒருத்தி சொல்வாள். அவள் அப்படிச் சொன்னதாக மத்தியாஸ் துரையிடம் இங்கிலீஷில் சொல்லி, புகார்ப் புத்தகத்திலும் எழுதுவார். துரை ஒரு பதில் சொல்வார். அதையும் எழுதிவிட்டு அவளிடம் தமிழில் சொல்வார். கடைசியில் துரை கையெழுத்துப் போடுவார். அந்த எஸ்டேட்டில் அதுதான் முறை.

எழுதுவதில் மத்தியாஸ் படு கறார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரிச் சாமியார் பிரம்பும் கையுமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லும்போது, செய்வேன் என்கிற வில் வுட் ஆகும். கேன், குட் ஆகும். மே, மைட் ஆகும். மஸ்ட் சில இடத்தில் ஹேட் டு ஆகும், சில இடத்தில் இருந்தபடியே இருக்கும். ஷுட் யாருக்காகவும் அசையாது. வார்த்தை ஒரு எட்டு பின்னால் போகலாம், ஆனால் அதன் பலம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பார் அந்தச் சாமியார். பதினோரு வருஷம் மத்தியாஸ் அப்படித்தான் எழுதினார், பேசும்போதும் அப்படித்தான் சொன்னார். துரை மே என்றால் தமிழில் ‘லாம்’ போடுவார். “செய்யலாம்னு சொல்லுதாரு, செய்வேன்னு சொல்லல” என்று பிரித்துச் சொல்லி, ஆசையோடு வந்தவர்களின் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்வார். “கிளார்க்கையா ஒரு வார்த்த கூட்டிச் சொன்னா வாயில இருக்க முத்து உதிந்துருமோ” என்று பெண்கள் போகிறபோக்கில் முணுமுணுப்பார்கள்.

அப்படிப்பட்ட ஆள்தான் செபமாலையம்மாள் விஷயத்தில் சறுக்கினார்.

செபமாலைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கட்டியவன் கலியாணமான இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அண்ணன் செல்லத்துரையின் லயத்து வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். பேர் மட்டும் இன்னும் தற்காலிகப் பதிவிலேயே கிடந்தது. மத்தியாஸுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று தங்கச்சிகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தனக்கும் ஒரு கலியாணம் என்கிற யோசனையே அவருக்கு விட்டுப்போயிருந்தது. செபமாலையைப் பார்த்த பிறகு திரும்பி வந்தது. அவள் கூடையோடு ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும் நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலையில் ஒன்பதரை, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் நாலரை. அந்த மூன்று நேரமும் பேனா தானாக நின்றுவிடும். ஒரு நாள் அவளைக் காணவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. இதையெல்லாம் அவளிடம் சொன்னாரா? எங்கே சொன்னார்! ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார்.

எழுபத்து நாலு நவம்பரில் விஷயம் முற்றியது. வருகிற ஜூனோடு செல்லத்துரைக்கு வேலை முடிகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊருக்குப் போகவேண்டும். தங்கச்சியின் பேர் நிரந்தரப் பதிவில் ஏறினால் அவளுக்கென்று ஒரு வீடு கிடைக்கும். ஏறாவிட்டால் அவளும் அண்ணனோடு வண்டி ஏற வேண்டியதுதான். அதே சமயத்தில் ஆறு மைல் தள்ளி இன்னொரு எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா கேட்டிருந்தார்கள். நிரந்தர வேலை, வீடும் உண்டு. மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமை செபமாலை புகார் வரிசையில் வந்து நின்றாள்.

“அங்க போறதா, இங்கயே இருக்கதான்னு எனக்குத் தெரியணும் கிளார்க்கையா. எம் பேரு பதிவுல ஏறுமா, ஏறாதா? அத மட்டும் தொரைட்ட கேட்டுச் சொல்லுங்க.”

மத்தியாஸ் கேட்டார். துரை பைப்பைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னார். ஏப்ரலில் அவளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. மே என்றார், கேன்னாட் ப்ராமிஸ் என்றார். மத்தியாஸ் அதை மைட் என்றும் குட் நாட் ப்ராமிஸ் என்றும் புத்தகத்தில் எழுதினார். எழுத்தில் ஒரு பிசகும் இல்லை. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். செபமாலை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. ‘லாம்’ என்று சொன்னால் இவள் அந்த ஆயா வேலைக்குப் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மைல்தான். ஆனால் அந்த ஆறு மைலுக்கு அப்பால் ஒன்பதரைக்கும் ஒரு மணிக்கும் நாலரைக்கும் ஜன்னலில் யாரும் வரமாட்டார்கள்.

“ஏப்ரல்ல எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாரு” என்றார்.

“நெசமாவா?”

“தொரைதான சொல்லுதாரு.”

அவள் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த வாரமே ஆள் மூலம் ஆயா வேலை வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டாள். மத்தியாஸ் சொன்னால் அதற்குமேல் யாரிடம் விசாரிப்பார்கள்?

அடுத்த நாலு மாதம் மத்தியாஸ் சந்தோஷமாக இருந்தார். வெட்கங்கெட்ட சந்தோஷம் என்று அவருக்கே தெரியும். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு தட்டு முறுக்கு வந்தபோது, அதைத் தின்னவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்தார். துரையிடம் இரண்டு தரம் அவள் பேரை ஞாபகப்படுத்தினார். பார்க்கலாம் என்று இங்கிலீஷில் சொல்லி முடித்துக்கொண்டார் துரை. துரை மனசு வைத்துவிட்டால் சொன்ன பொய் மெய்யாகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மத்தியாஸ் தினமும் செபம் பண்ணினார். மார்ச்சில் துரையை அஸ்ஸாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் குடகுக்காரர். பழைய மேனேஜர் வாய்ச்சொல்லாக என்ன சொல்லியிருந்தாலும் தன்னைக் கட்டுப்படுத்தாது, புத்தகத்தில் உறுதி கொடுத்திருந்தால் மட்டும் காட்டுங்கள் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். ஏப்ரல் முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், மத்தியாஸ் புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைட் என்ற ஒரு வார்த்தையைச் சுரண்டிவிட்டு வுட் என்று எழுதி, கீழே உறுதி இல்லை என்கிற வரியை அடித்துவிட்டால் செபமாலைக்கு வீடு கிடைத்துவிடும். மைக்கூட்டைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார். துரை கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திருத்துவது பாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அது பயம். அகப்பட்டால் வேலை போய்விடும்.

மறுநாள் செபமாலை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். குடகுத் துரை அந்தப் பக்கத்தைத் தானே படித்தார். உதட்டைப் பிதுக்கினார். இந்த வருஷம் புதுப் பேர் எதுவும் ஏற்றுவதாக இல்லை என்றார்.

“என்ன சொல்லுதாரு?” என்று கேட்டாள் செபமாலை.

“இந்த வருசம் புதுசா யாரையும் எடுக்கலையாம்.”

“பழைய தொரை எடுத்துக்கிடுதேன்னு சொன்னாரே. புஸ்தகத்துல எழுதினீங்களே. அதுல என்ன இருக்கு?”

மத்தியாஸ் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். “எடுத்துக்கிடலாம்னு இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாதுன்னும் இருக்கு.”

அவள் சற்று நேரம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மத்தியாஸ் வரிசையையும் துரையையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினார். கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் பக்கம் அவளை எட்டிப் பிடித்தார்.

“செபமாலை, நில்லு.”

நின்றாள். “அன்னைக்குத் தொரை சொன்னது உங்களுக்கு வெளங்கிச்சா, வெளங்கலையா?”

“வெளங்கிச்சு.”

“பொறவு ஏன் எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“நீ போயிரக் கூடாதுன்னு.”

“நான் போனா ஒங்களுக்கு என்ன?”

எடுத்துச் சொல்ல மத்தியாஸ் முன்னால் இப்போது வேறு யாருடைய பேச்சும் இல்லை. “நீ இல்லாம எனக்கு முடியாது. ஜன்னல்ல உன்னப் பாக்காத நாள் எனக்கு நாளே இல்ல. நாம கலியாணம் முடிச்சுக்கிடுவோம். எங்கூட இரு.”

செபமாலையின் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமலே பேசினாள். “இத அன்னைக்குச் சொல்லிருந்தீங்கன்னா, பதிவும் வேண்டாம் வீடும் வேண்டாம்னு அங்கனயே நின்னுருப்பேன். எங்க அண்ணன்கிட்டயே ரெண்டு மட்டம் உங்களப் பத்திப் பேசிருக்கேன்.”

“இப்பச் சொல்லுதேனே.”

“இப்பச் சொல்லுதீங்க. இதுல எவ்வளவு கூட்டிச் சொல்லுதீங்களோ, எனக்கு எப்படித் தெரியும்?”

ஆபீசிலிருந்து யாரோ “கிளார்க்கையா, தொரை கூப்பிடுதாரு” என்று குரல் கொடுத்தார்கள். அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் செல்லத்துரையிடம் போய்க் கேட்டார், பங்குச் சாமியாரை அனுப்பிக் கேட்டார். அவள் பதில் மாறவில்லை. ஜூன் கடைசியில் அண்ணனும் தங்கச்சியும் தட்டுமுட்டுச் சாமானோடு போடி பஸ் ஏறினார்கள். நல்ல மழை. மத்தியாஸ் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டிகளை மேலே ஏற்றிக் கொடுத்தார். செபமாலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பி, தேயிலைக்காட்டு வளைவில் மறையும்வரை அவர் நனைந்துகொண்டே நின்றார். வளைவில் அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். அவள் பார்க்கவில்லை.