கைக்கு இருபத்திமூன்று, காதுக்கு நாற்பத்தாறு

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை செய்கிற குகதாசனிடம் போய் இதைக் கேட்டுப் பாருங்கள். சிரித்து மழுப்பமாட்டார். எழும்பிக் கடைக்குப் பின்னால் போய்விடுவார். பேய் பிசாசு என்று கதைக்கிறவர்களைக் கிட்டவே அண்டவிடாத மனிதர் அவர். ஒரே ஒரு தடவைதான் இதை முழுதாகச் சொன்னார். திகதி, நேரம் எல்லாம் அவர் சொன்னபடியே தருகிறேன். நானாக ஒன்றும் கூட்டவில்லை.

குகதாசனுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்யவில்லை. அவருடைய தாயின் தங்கை ஜெகதீஸ்வரி பளையில் தனியாக இருந்தார். முப்பது வருசம் விறகடுப்பில் நெல் அவித்து விற்றவர். சுருட்டையோ பீடியையோ வாயில் வைத்தறியாத அந்த மனுசியின் நெஞ்சை அடுப்புப் புகையே தின்று முடித்திருந்தது. இது மாறாத வருத்தம், இதோடு இருக்கப் பழகவேண்டும் என்று டொக்டர் சொன்ன கிழமையே குகதாசன் போய்ச் சின்னம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அந்த வீடு, வெளிநாடு போன ஒருவரிடம் அவர் மூன்று வருசத்துக்கு முன் வாங்கியது.

காலையில் வாய்க்குள் மூச்சுமருந்துப் பம் அடிக்க வேண்டும். மாலையிலும் அடிக்க வேண்டும். அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சு முட்டினால் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, சுடுதேத்தண்ணியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல விட வேண்டும். கிளினிக்கில் தாதி கௌசலா எல்லாவற்றையும் செய்து காட்டினார். நிமிசத்துக்கு எத்தனை மூச்சு என்று தினம் இரண்டு தரம் எண்ணச் சொன்னார். முப்பதைத் தாண்டினால் யோசிக்காமல் கொண்டுவாருங்கள் என்றார்.

சின்னம்மாவுக்கு வழமையாக இருபத்திரண்டு, இருபத்திமூன்று.

2023 ஒக்டோபர் கடைசியில் மாரி மழை பிடித்தது. முன்னறைக்குள் தூவானம் அடித்து ஈரம் ஏறியது. ஈரம் சின்னம்மாவுக்கு ஆகாது. அதனால் உரப்பைகள் அடுக்கிக் கிடந்த பின்னறையைக் குகதாசன் ஒழித்து, கழுவி, காயவிட்டு, கட்டிலை அங்கே மாற்றினார்.

நவம்பர் 6, திங்கட்கிழமை. மாலை 6.30. குகதாசன் சின்னம்மாவுக்குப் பின்னால் இருந்து, கைபேசியில் நேரத்தைப் பார்த்தபடி எண்ணினார்.

நாற்பத்தாறு.

முப்பதைத் தாண்டிவிட்டதே என்று எழும்பி முகத்தைப் பார்த்தார். ஆனால் சின்னம்மா அமைதியாகத்தான் இருந்தார். உதடு நீலமாகவில்லை. பிழையாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து, இந்த முறை முதுகில் கையை வைத்து எண்ணினார். இருபத்திமூன்று.

கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் காதால் எண்ணினார். நாற்பத்தாறு.

தன்னுடைய மூச்சையும் சேர்த்து எண்ணுகிறேனோ என்று ஒரு சந்தேகம். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

சின்னம்மா மூச்சை விட்டார். ஸ்ஸ்ஸ்...

அது முடிந்த இடத்தில் இன்னொன்று தொடங்கியது. ஹ்ஹ்க்...

அதன்பிறகு குகதாசனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கடையில் ஆணி நிறுக்கும்போதும் வாய் எண்ணிக்கொண்டிருந்தது. மத்தியானத்தில் ஒரு காரணமும் இல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். காற்றாடியை நிற்பாட்டிப் பார்ப்பார். அலுமாரியை இழுத்துப் பார்ப்பார். சுவரில் காதை வைப்பார். சுவரில் இல்லை. கட்டிலுக்கு மேலேயும் இல்லை. அது தாழ்வாக, கட்டிலடியில் இருந்து வந்தது. குனிந்து பார்த்தால் வெறும் சீமெந்துத் தரை.

9ஆம் திகதி வியாழக்கிழமை காலை, வாய் கொப்பளித்துவிட்டுச் சின்னம்மா தானாகவே சொன்னார்.

"தம்பி, ஆரோ என்னோட மூச்சு விடுகினம்."

குகதாசன் கோப்பையைக் கையில் வாங்கினார்.

"நான் விடேக்கை அவை இழுக்கினம். நான் விட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கினம்."

"எத்தினை பேர், சின்னம்மா?"

சின்னம்மா தரையைப் பார்த்தார்.

அன்றைக்கே கட்டிலை முன்னுக்கு மாற்றியிருக்கலாம். ஈரத்துக்குப் பயந்து விட்டேன், அதுதான் நான் செய்த பிழை என்று குகதாசன் சொன்னார். கைக்கு வந்த எண் நாளுக்கு நாள் ஏறியது. இருபத்திநாலு. இருபத்தாறு. இருபத்தெட்டு. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. பம்மும் நேரத்துக்கு அடித்தார்.

காதுக்கு வந்த எண்ணும் கூடவே ஏறியது.

14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் முழுக்க மழை கொட்டி, ஆறரைக்கு விட்டது. சின்னம்மா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, தோள் மூட்டு ஏறி இறங்க மூச்சுக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். குகதாசன் மருந்தை ஊற்றி, மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற மெஷினைப் போட்டு, மாஸ்க்கை முகத்தில் பிடித்தார். எங்கேயோ இடி விழுந்தது.

6.42. கரண்ட் போனது.

மெஷின் நின்றது. காற்றாடி நின்றது. பக்கத்து வளவு ரஜிதனுக்கு ஓட்டோ கொண்டுவரச் சொல்லிப் போன் எடுத்தார். ஐந்து நிமிசம் அண்ணை என்றான் ரஜிதன்.

இருட்டு. கை முதுகில். எண்ணினார். முப்பத்திரண்டு... முப்பத்திநாலு...

"ஊதுங்கோ சின்னம்மா. மெல்ல ஊதுங்கோ."

ஸ்ஸ்ஸ்...

ஹ்ஹ்க்.

ஸ்ஸ்...

ஹ்ஹ்க். ஹ்ஹ்க்.

இப்போது ஒன்றில்லை. கட்டிலடியில் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று, அவருடைய காலுக்குக் கீழே ஒன்று. எல்லாம் உள்ளே இழுத்தன. ஒன்றும் வெளியே விடவில்லை.

6.46. கைக்குக் கீழே முதுகு அசையவில்லை.

அறைக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஹ்ஹ்க். ஹ்ஹ்க். ஹ்ஹ்க்.

குகதாசன் சின்னம்மாவை அப்படியே தூக்கினார்.

ஓடினார்.

வாசற்படி.

தாண்டினார்.

தாண்டிய அந்த அடியில், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர்போலச் சின்னம்மா ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று. உடம்பு முழுக்க உதறியது. குகதாசனுக்குப் பின்னால், ஒருவரும் இல்லாத அறைக்குள், யாரோ இருமினார்கள். அதைக் கேட்டு இன்னொருவர் இருமினார். மூன்றாவது சின்னப் பிள்ளையின் இருமல்.

கதவைச் சாத்தக் காலை நீட்டினார். சின்னம்மா அவருடைய சட்டையைப் பிடித்தார்.

"சாத்தாதை, தம்பி. அவைக்குக் காத்து வேணுமாம்."

முற்றத்தில் ஓட்டோ வெளிச்சம் விழுந்தது. 6.49.

ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் பிடித்து, ஐந்தாம் நாள் சின்னம்மாவை வீட்டுக்கு விட்டார்கள். அந்த ஐந்து நாளும் அங்கே கைக்கும் காதுக்கும் ஒரே எண்தான் வந்தது. குகதாசன் கட்டிலை முன்னுக்குப் போட்டு, தூவானத்துக்குத் தறப்பாள் கட்டினார். மழை விட்டதும் முன்பக்கம் ஒரு புது அறை இறக்க நினைத்து, தை மாதம் மேசன் பழனியாண்டியைக் கூட்டி வந்தார். அறுபது வயதைக் கடந்த மலையகத்து மனிதர். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அவர் கை வைத்தவை.

நடந்த எதையும் குகதாசன் அவரிடம் சொல்லவில்லை. பின்னறை வேண்டாம், முன்னுக்கு ஒன்று போட்டுத் தாங்கோ என்று மட்டும்தான் சொன்னார்.

பழனியாண்டி பின்னறை வாசலில் நின்று தரையைப் பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை. இந்த வீட்டுக்கு 2013இல் அத்திவாரம் வெட்டியது தான்தான் என்றார். வெட்டும்போது அந்த இடத்தில் மண் உள்வாங்கியதாம். கீழே, சண்டைக் காலத்தில் குண்டுக்கு ஒளிக்க வெட்டி, இடிந்து மூடிப்போன பங்கர் ஒன்று. காற்றுக்கு வைத்த பிளாஸ்டிக் குழாய் மட்டும் நிலத்துக்கு மேலே நாலு விரல் நீட்டிக்கொண்டு நின்றதாம். ஊர் இடம்பெயர்ந்து அப்போது ஐந்து வருசம். வெளியே சொன்னால் வேலை நின்றுவிடும், வேலை நின்றால் வீட்டில் அடுப்பெரியாது. அதனால் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"உள்ளுக்கு ஆர் இருந்தாங்களோ, நான் தோண்டிப் பாக்கல, தம்பி. குழாய் வாயில சீமெந்த வச்சு அடைச்சேன்."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"அடைக்கிறப்ப அது என் உள்ளங்கைய உள்ள இழுத்திச்சு."