பந்து ஏன் முட்டையாக இருந்தது

1. திங்கட்கிழமை

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஓடலேன்னா என் மானம் போயிடும் செல்லையா” என்று சொல்லி, காமாட்சி மாமி ஒரு லேப்டாப்பையும் ஒரு பழைய ஃப்ளாப்பியையும் என் கடை கவுண்டரில் வைத்தார்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தது ஆறாம் வகுப்பு. பம்பாய் தாராவியில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் பெட்டி துடைக்கப் போய், பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவன். கம்ப்யூட்டர் வந்த புதிதில் இன்ஜினியரிங் படித்தவர்களே மானிட்டரின் பின்மூடியைத் திறக்கப் பயந்தார்கள். உள்ளே ஷாக் அடிக்கும். நான் திறந்தேன். இரண்டு தடவை அடித்தது. மூன்றாவது தடவை அடிக்கவில்லை. மாட்டுங்காவிலிருந்து டிராம்பே வரை செல்லையா கை வைக்காத மானிட்டர் கிடையாது என்று சொல்வார்கள். சொல்வது நான்தான் என்றாலும் பொய் இல்லை.

மாமி வேலை பார்த்த ஆபீஸில் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் என்னுடைய கான்ட்ராக்ட். மாமி டைப்பிங் செக்‌ஷன். லஞ்ச் நேரத்தில் அங்கே ஒரு டாஸ் கேம், அதாவது விண்டோஸுக்கு முந்தின காலத்து கேம், ஓடும். கீழே ஒரு மட்டை, மேலே வரிசையாகச் செங்கல், நடுவில் ஒரு பந்து. பந்தைத் தவறவிடாமல் மட்டையால் தட்டித் தட்டிச் செங்கலை உடைக்கவேண்டும். அதில் மாமி எடுத்த ஸ்கோரை அந்த ஆபீஸில் யாரும் தாண்டவில்லை. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். பெயர் போட நாலு இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் இடம் என்பதால் ‘காமா’ என்று பாதியில் நிற்கும். ரிட்டயர் ஆகும்போது கேமை ஸ்கோரோடு ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இப்ப என்ன மாமி திடீர்னு?”

“முலுண்ட்லேர்ந்து அந்த ராஜகோபால் வரார்ப்பா. ஞாயித்துக்கிழமை செம்பூர்ல எங்க பழைய ஸ்டாஃப் எல்லாரும் கூடறோம். வருஷா வருஷம் மைக்கைப் பிடிச்சுண்டு ஒரே பாட்டு. ‘காமாட்சி எடுத்த ஸ்கோர் செல்லாது, டைப்பிங் செக்‌ஷன் மெஷினே கோளாறு’ங்கறார். நாப்பது பேர் சிரிக்கறா. இந்தத் தடவை எல்லார் எதிர்லயும் ஆடிக் காட்டறேன்னு சொல்லிட்டேன்.”

ராஜகோபால் சார் அந்த ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட். தனி கேபின், தனி கம்ப்யூட்டர், அதிலும் அதே கேம். இரண்டாவது இடம் எப்போதும் அவருக்குத்தான்.

“சொன்னது சொன்னேன், ஆனா புது லேப்டாப்ல இது ஓடவே மாட்டேங்கறதே. அமெரிக்காலேர்ந்து என் பிள்ளை, ‘தூக்கிப் போடும்மா’ங்கறான்.”

“அவன் கிடக்கான் மாமி. டென்ஷன் ஆகாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

2. கறுப்புத் திரை

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக வரிசையாகவே சொல்கிறேன்.

யுஎஸ்பியில் சொருகுகிற ஃப்ளாப்பி டிரைவ் என்னிடம் இருக்கிறது. ஃப்ளாப்பியில் லேசாகப் பூஞ்சை. துடைத்து, நாலாவது தடவையில் எல்லா ஃபைலையும் எடுத்துவிட்டேன். பழைய கேம் பதினாறு பிட். புது லேப்டாப் அறுபத்துநாலு பிட். நேராகப் போட்டால் சீந்தாது. அதற்கு டாஸ்பாக்ஸ் என்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் நடிக்கும். அதைப் போட்டேன். கேம் சின்ன ஜன்னலில், தபால்தலை அளவுக்கு வந்தது.

“இதுல பந்து எங்கேப்பா இருக்கு?” என்றார் மாமி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

பெரிதாக்க ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினேன். திரை முழுக்கக் கறுப்பு. சத்தம் மட்டும் டொக் டொக் என்று வருகிறது. உள்ளே ஆட்டம் நடக்கிறது, வெளியே தெரியவில்லை. இதற்குப் பயந்து நிறையப் பேர் லேப்டாப்பையே குறை சொல்வார்கள். விஷயம் வேறு. கேம் பழைய காலத்து அளவில் படம் கேட்கிறது, புதுத் திரைக்கு அந்த அளவு தெரியாது. டாஸ்பாக்ஸுக்கு ஒரு செட்டிங் ஃபைல் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் எந்த வரியில் எது இருக்கிறது என்பது அத்துபடி. ‘ஃபுல் ரெசல்யூஷன்’ வரியில் ‘டெஸ்க்டாப்’ என்று போட்டேன். ‘அவுட்புட்’ வரியில் ‘ஓபன்ஜிஎல்’. சேவ் பண்ணி மறுபடி ஆல்ட், என்டர். படம் திரை நிறைய வந்து நின்றது.

மாமி முகம் மலர்ந்துவிட்டது. “ஆ, இதுதான்ப்பா. இதேதான்” என்று கையை நீட்டினார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். “இருங்க மாமி. பந்து முட்டையா இருக்கு.”

முட்டையாகத்தான் இருந்தது. காரணம் சொல்கிறேன். பழைய டாஸ் கேமில் படம் குறுக்கே முந்நூற்றிருபது புள்ளி, மேலிருந்து கீழே இருநூறு. அந்தக் கால மானிட்டர் கிட்டத்தட்டச் சதுரம். அதனால் புள்ளிகளை மேலும் கீழுமாகக் கொஞ்சம் இழுத்துக் காட்டும். கேம் எழுதியவன் அதைக் கணக்கில் வைத்துத்தான் வட்டம் வரைந்திருப்பான். இன்றைய திரை அப்படி இழுக்காது. வட்டம் அமுங்கிப் படுத்த முட்டையாகிவிடும். செட்டிங் ஃபைலில் ‘ஆஸ்பெக்ட்’ என்று ஒரு வரி உண்டு. அதில் ‘ஃபால்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கவேண்டும், அவ்வளவுதான். ஆக்கினேன். கேம் ஆரம்பத்தில் ஒரு பெரிய வட்டம் வரும். அதன்மேல் ஒரு பழைய சிடியை வைத்துக் காட்டினேன். அளவெடுத்ததுபோல் இருந்தது.

“பாத்தீங்களா மாமி, ஏக்தம் ரவுண்டு, அச்சு வட்டம். இதை இன்ஜினியர்களே கவனிக்க மாட்டாங்க.”

மாமி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார்.

3. மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை வந்தார். “பந்து லேட்டா வரதுப்பா.” ஸ்பீடைக் கூட்டினேன். புதன்கிழமை வந்தார். “இப்ப ரொம்ப வேகமா ஓடறது.” ஸ்பீடைக் குறைத்தேன். வியாழக்கிழமை வந்தபோது ஸ்கோரையும் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். நாலாயிரத்தைத் தாண்டவில்லை.

கீபோர்டைத் துடைத்தேன். வேறு கீபோர்டு மாட்டினேன். கடைசியில், சொல்லக்கூடாததைச் சொன்னேன். “மாமி, வயசாகுதுல்லா. கை அப்போ மாதிரி வருமா?”

“எனக்கு வயசாகலை. உன் படத்துக்குத்தான் வயசாயிருக்கு. ரொம்ப உசரத்துலேர்ந்து விழறது பந்து. என் கண்ணுக்கு அது அந்தப் பந்தே இல்லை.”

“அப்போ எப்படித்தான் இருந்துச்சு? கையால காட்டுங்க பாப்போம்.”

மாமி என் மேஜையில் கிடந்த ஒரு பழைய மானிட்டரை இழுத்தார். மேலே ஒரு விரலையும் கீழே ஒரு விரலையும் படுக்க வைத்தார். “இங்க ஒரு கறுப்புப் பட்டை, இங்க ஒரு கறுப்புப் பட்டை. நடுவுலதான் படம்.”

“அப்படி எந்த மானிட்டர்ல மாமி வரும்?”

“நீதானேப்பா சொன்னே. ‘இது சினிமா ஸ்கோப் மாடல் மேடம், எல்லா ஆபீஸுக்கும் கிடைக்காது’ன்னு. நாங்க டைப்பிங் செக்‌ஷன்ல எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டோமே.”

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த மானிட்டரில் படத்தை உயரமாக விரிக்கிற கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. அது காய்ந்தால் படம் மேலும் கீழும் குறுகும். அன்றைக்குப் பையில் அந்த பார்ட் இல்லை. லாமிங்டன் ரோட்டில் வாங்கி வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்து, அதுவரைக்கும் ஒரு சமாதானம் சொல்லி வைத்தேன். அவர்கள் சந்தோஷமாகிவிட்டார்கள். மறுபடி கம்ப்ளெயின்ட்டே வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். மாமி வருஷக்கணக்கில் அந்த முட்டைப் பந்தைத்தான் ஆடியிருக்கிறார். திங்கட்கிழமை அந்த முட்டை தானாகவே வந்தது. அதைத்தான் நான் கெட்டிக்காரத்தனமாகச் சரிபண்ணிக் கெடுத்திருக்கிறேன்.

மாமியிடம் இதைச் சொல்லவில்லை. ‘ட்ரூ’வை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, “சின்ன செட்டிங்தான் மாமி” என்று திருப்பிக் கொடுத்தேன். மாமி அங்கேயே நின்றுகொண்டு ஒரு ஆட்டம் ஆடினார். பதினெட்டாயிரம் போனதும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தானே நிறுத்தினார்.

4. செம்பூர் ஹால்

ஹாலில் பெரிய டிவி. லேப்டாப்பை மாட்டிக் கொடுக்க என்னையும் வரச்சொல்லியிருந்தார் மாமி. மாட்டியதும் பந்து தெரிகிறது, செங்கல் தெரிகிறது, மட்டையைக் காணோம். சில டிவி படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிக் காட்டும். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றினேன், மட்டை வந்தது. நாற்பது பேர் கை தட்டினார்கள். எனக்குத்தான்.

ராஜகோபால் சார் முன்வரிசையிலிருந்து எழுந்து டிவி பக்கத்தில் வந்தார்.

“என்ன ஓய் இது, பந்து முட்டையா இருக்கு? என் கேபின்ல உருண்டையா இருக்கும்.”

“எங்க செக்‌ஷன்ல இப்படித்தான் இருந்தது” என்றார் மாமி.

“அதைத்தானே நான் வருஷா வருஷம் சொல்றேன், கோளாறு மெஷின்னு.” அவர் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு ஸ்டீல் தட்டை எடுத்துவந்து, கேமை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி, டிவியில் முதலில் வரும் பெரிய வட்டத்தின்மேல் வைத்தார். இரண்டு பக்கமும் வட்டம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் சிடியை வைத்துப் பார்த்த அதே சோதனை. “செல்லையா, நீங்கதானே மெயின்டனன்ஸ். எல்லார் எதிர்லயும் சொல்லுங்கோ. எது சரி?”

தட்டு அங்கேயே இருக்கும்போது என்ன பொய் சொல்லமுடியும்? ஹாலில் பாதிப்பேர் இன்னும் என் கஸ்டமர்கள். மாமி வேறு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“சார் கேபின்ல இருந்ததுதான் சரி” என்றேன். “டைப்பிங் செக்‌ஷன் மானிட்டர்ல கெப்பாசிட்டர் போயிருந்துச்சு. நான் மாத்தலை. சினிமா ஸ்கோப்புன்னு சும்மா சொன்னேன்.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. ராஜகோபால் சார் இரண்டு கையையும் விரித்தார். “கேட்டேளா? கான்ட்ராக்டரே ஒத்துக்கறார். ரெக்கார்டு கேன்சல்.”

மாமி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைக்க ஆரம்பித்தார். “என்கிட்ட வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமேப்பா” என்று மட்டும் சொன்னார், எனக்குக் கேட்கிற அளவில்.

நான் நாற்பது வருஷத் தொழிலில் கஸ்டமர் யாரிடமும் அப்படிப் பேச்சு வாங்கியதில்லை. மறுபடி வாயைத் திறந்தேன்.

“சார், ஒரு நிமிஷம். கோளாறு இருந்துச்சு, நான் இல்லைங்கலை. ஆனா கோளாறால மாமிக்கு லாபமா நஷ்டமான்னு பாக்கணும்லா? ரெண்டு மெஷின்லயும் பந்து கீழ வர எடுக்கிற நேரம் ஒண்ணுதான். படம் அமுங்கிக் கிடக்கதால கண்ணுக்குத் தூரம் கம்மி. மட்டைக்கும் பந்துக்கும் நடுவுல நிதானிக்க இடமில்லை. நீங்களே உக்காந்து ஆடிப் பாருங்க.”

“ஆடறேன். எனக்கென்ன பயம்?”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பந்து நேராகக் கீழே போனது. “கீ ஒட்டிக்கறது” என்றார். இரண்டாவது, மட்டையின் ஓரத்தில் பட்டுப் போனது. “வெளிச்சம் கண்ல அடிக்கறது” என்றார். ஒருவர் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். மூன்றாவது பந்தும் போனது. ஸ்கோர் அறுநூற்றுப் பத்து. பரிமாறியிருந்த காபி ஆறக்கூட இல்லை.

“இந்த முட்டையை வச்சுண்டு மனுஷன் ஆட முடியுமா?” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் குரல்: “காமாட்சி ஆடினாளே சார்.”

மாமி கூட்டிலிருந்து கண்ணாடியை மறுபடி எடுத்தார். உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஹாலில் டொக் டொக் சத்தம் மட்டும்தான். பத்தாயிரத்தில் ராஜகோபால் சார் நின்றுகொண்டிருந்தார். இருபதாயிரத்தில் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முப்பதாயிரத்தில், “இடது பக்கம், இடது பக்கம் வரது பாருங்கோ” என்று அவரே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். “தெரியறது, சும்மா இருங்கோ” என்றார் மாமி. முப்பத்தாறாயிரத்துச் சில்லறையில் கடைசிப் பந்து போனது. பழைய ரெக்கார்டைத் தொடவில்லை. யாரும் அதைக் கேட்கவுமில்லை.

ராஜகோபால் சாருக்கும் நியாயம் வேண்டுமே என்று, ஒரு வரியை மாற்றி உருண்டைப் பந்து வைத்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஆடினார். பத்தொன்பதாயிரம்.

ஆபீஸ்காரர்கள் கூடினால் மினிட்ஸ் எழுதாமல் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு செகரட்டரி ராஜகோபால் சார்தான். நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். பிறகு இங்கிலீஷில் எழுதி, எழுந்து நின்று படித்தார். டைப்பிங் செக்‌ஷனில் டைப்பிஸ்ட் காமாட்சி எடுத்த ஸ்கோர், கோளாறுள்ள கருவியையும் மீறி எடுக்கப்பட்டது என்று இந்தக் கூட்டம் பதிவு செய்கிறது. கோளாறுக்குக் காரணம், கான்ட்ராக்டர் செல்லையா உதிரிப்பாகத்தை மாற்றாதது.

மாமி கை நீட்டி நோட்டை வாங்கினார். “சீனியர் டைப்பிஸ்ட்” என்றார். ராஜகோபால் சார் பேனாவைக் கொடுத்தார். மாமியே திருத்திக்கொண்டார்.

“சார், அந்தக் கடைசி வரி வேண்டாமே” என்றேன் நான்.

“அது இருக்கட்டும்ப்பா” என்றார் மாமி. அவர் கையெழுத்துப் போட, அதற்குக் கீழே ராஜகோபால் சார் கையெழுத்துப் போட்டார்.

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. கஸ்டமர் “இதுதான்” என்று கையை நீட்டும்போது படம் எப்படி இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். முதலில், முன்னே என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். சிடியை அப்புறம் எடுக்கலாம்.

இரண்டாவது, பார்ட் கையில் இல்லையென்றால் பார்ட் இல்லை என்றே சொல்லிவிடுங்கள். வாய்க்கு வந்த சமாதானத்தைச் சொன்னால் அன்றைக்கு வேலை முடியும். ஆனால் ஜனங்கள் அதை நம்பி, அதிலேயே ரெக்கார்டும் வைத்துவிடுகிறார்கள்.