சந்தாபுராவிலிருந்து காக்ஸ் டவுன்: அக்காவின் காய்ந்த கண்கள்

ஹோசூர் ரோட்டில் மேம்பாலத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை ஸ்டெல்லா அக்காவைக் காக்ஸ் டவுனில் உள்ள கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அக்கா பள்ளி ஆசிரியை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையைத் தினம் ஒன்றாக ஐந்து வருடம் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வருடத்தில் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல். கூடவே தண்ணீர் கொட்டும். ஜெபக்கூட்டத்தில் அவள் அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் சூழ்ந்துகொண்டு தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். அக்காவுக்கு நோயைவிட அதுதான் பெரிய தொல்லை.

எங்கள் சந்தாபுராவிலிருந்து காலை 6.40க்கு மார்க்கெட் பஸ். ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் அன்று தானாகவே உள்பக்கம் உட்கார்ந்தாள். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம், அதில் பாதி சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கே போனது. மார்க்கெட்டிலிருந்து சிவாஜிநகருக்கு இன்னொரு பஸ், பிறகு ஆட்டோ. டிரைவர் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளிக்காரர். அக்கா கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, கேட்காமலே பக்கத்து ரெக்சின் திரையை இறக்கிவிட்டார். மீட்டரில் இருபது ரூபாய்; அதற்கு மேல் கேட்கவில்லை. பெங்களூரில் இதையெல்லாம் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

9.15க்குப் பதிவு முடிந்தது. கீழ் இமைக்குள் சின்னக் காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கொட்டும் கண்தானே, நனைந்துவிடும் என்று நினைத்தேன். நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. காய்ந்த கண் உறுத்தும்போது தண்ணீர் கொட்டும், ஆனால் அது கண்ணில் தங்காது என்று விளக்கிய டாக்டரம்மா, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் காட்டச் சொன்னார்.

அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். நான்தான் வாங்கிக் கவிழ்த்தேன். அக்காவுக்கு ஒரு டீச்சர் பழக்கம்: மாத்திரை அட்டையின் பின்னால் அன்றைய தேதியை எழுதிவிட்டுத்தான் விழுங்குவாள். கடைசித் தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. அட்டையை அக்காவிடம் நீட்டினேன்.

"பெட்டிக்குள்ள இருந்த சீட்டுல கண்ணு காயும்னு போட்டிருந்துச்சு. பரீட்சை பேப்பர் திருத்தணும். அதான் நிறுத்திட்டேன்," என்றாள் அக்கா.

டாக்டரம்மா திட்டவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம். "பேடாம்மா, வேண்டாம், நீங்களா நிறுத்தாதீங்க. கண்ண நான் பார்த்துக்கறேன்," என்றார் கன்னடம் கலந்த தமிழில். அங்கிருந்தே புற்றுநோய் டாக்டருக்குப் போன் போட்டார். மாத்திரையை இன்றே மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று திங்கட்கிழமை பார்ப்பார்கள். கண்ணுக்கு, கெடாமலிருக்கப் போடும் ரசாயனம் கலக்காத சொட்டு மருந்தும், இரண்டு வேளை வெதுவெதுப்பான துணி ஒத்தடமும்.

திரும்பும் பஸ் மடிவாலாவைத் தாண்டியதும் அக்கா பேனா கேட்டாள். குலுங்கும் பஸ்ஸில் கோணல்மாணலாகத் தேதி எழுதி, மாத்திரையை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா ஏன் அழுகிறாய் என்று கேட்டார்.

"அழலம்மா, கண்ணு காய்ஞ்சிருக்கு," என்றாள் அக்கா. பொய். அழத்தான் செய்தாள். கண் காயும் என்று தெரிந்தே விழுங்கிய என் அக்கா எவ்வளவு தைரியசாலி என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்படிப் போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்பே பஸ் ஏறிவிடுங்கள். தூசுக்குக் கறுப்புக் கண்ணாடி உதவும். கண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், எப்படி இருக்கிறாய் என்று கேட்பதோடு அட்டையையும் திருப்பிப் பாருங்கள். நான் ஒரே வீட்டில் இருந்தும் மூன்று வாரம் பார்க்கவில்லை.