கட்டிக்குத் தைலம்

மார்பகப் பரிசோதனை பஸ்ஸில் படம் எடுக்கும் வேலை என்றால், முன்பின் தெரியாத பெண்ணை மெஷினில் நசுக்கி, "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மனசுக்குள் நம் குலத்தையே திட்டுவதைச் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வது. இதே கதிக்கு ஆளான சக டெக்னீஷியன்களே, உங்களுக்குத்தான் இது.

திரும்பாத வண்டி

ஆரம்பாக்கம் பக்கம் ஓர் ஊரில் முகாம். பஸ்ஸைக் கோயில் தெருவில் நிறுத்தினார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியிலிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. மதியத்துக்கு மேல் வண்டியை அங்கே கொண்டுபோகலாமே என்று முகாம் நடத்திய ஊர்ப் பெரிய மனிதரிடம் கேட்டேன். "அங்க ரோடு குறுகல்மா, வண்டி திரும்பாது" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று காலனி ரோட்டிலிருந்து ஜம்மென்று வந்தது. நான் கையைக் காட்டினேன். மனிதர் அசரவில்லை.

"அது கம்பெனி வண்டிம்மா, திரும்பும். இது தர்ம வண்டி."

கழுத்து நாடா

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் முகாம். நிரந்தர ஊழியர் கழுத்தில் நீல நாடா, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆரஞ்சு. பேக்கிங்கில் வேலை செய்யும் எஸ்தர் அதே காலனிக்காரி, ஆரஞ்சு. இடது மார்பில் கட்டி இருப்பதாக என்னிடம் சொன்னாள். பஸ் படியேறப் போனவளை, முகாம் நீல நாடாவுக்கு மட்டும்தான் என்று எச்.ஆர். அதிகாரி தடுத்துவிட்டார். "நோய்க்கு நாடா கலர் தெரியுமா சார்?" என்று எகிறினேன்.

"அதான் மேடம், நோய்க்குத் தெரியாது. நமக்குத் தெரியணும்ல?"

பவுடர்

அன்றைக்கே ஒரு நீல நாடா அம்மாள் வந்தார். அக்குளில் பவுடர் போட்டு வரக் கூடாது, படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். படித்துப் படித்துச் சொல்லியும் மணக்க மணக்க வந்தார், புள்ளியும் விழுந்தது. "பவுடர்தான் சார், துடைச்சிட்டு இன்னொண்ணு எடுத்துடறேன்" என்றேன். முகாம் டாக்டர் கேட்டால்தானே! ஸ்கேனுக்கு உடனே சென்னை, கம்பெனி கார், துணைக்கு ஆள்.

சாப்பாட்டு வேளையில் எஸ்தரை அந்த டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொட்டும் பார்க்கவில்லை. "மூட்டை தூக்கறதுல சதைப் பிடிப்பு. உழைக்கிற உடம்புக்கு அதெல்லாம் வராது. தைலம் தேய்ங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் எஸ்தர் என்னைக் கேட்டாள்.

"யக்கா, பவுடருக்கே காரு குடுக்கறாங்கோ. நாளைக்கு நானும் பூசிக்கினு வரட்டா?"

நாற்காலி

அடுத்த முகாம் மாதக்கணக்கில் இழுத்து, ஆடி கழிந்துதான் வந்தது. எச்.ஆர். டீ குடிக்கப் போன நேரம் பார்த்து எஸ்தரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். கட்டி நன்றாகவே வளர்ந்திருந்தது. படத்தை மட்டும் அதே டாக்டரிடம் காட்டினேன். "யாரு இந்த மேடம்? ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது!" என்று எழுந்தே விட்டார். எஸ்தர் உள்ளே வந்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கட்டியோடு போயிருக்கும், இனி மார்பையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். போதாததற்கு அவளையே கடிந்துகொண்டார்: "ஏம்மா, முன்னாடியே வந்து சொல்லக் கூடாதா?"

எஸ்தர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"சொன்னேன் சார். நீதான் நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கினே."

இந்த வட்டாரத்தில் எல்லோரையும் ஒரே மாதிரி நசுக்குவது எங்கள் மெஷின் ஒன்றுதான். அதனிடம் போய்ச் சேர்வதற்குத்தான் ஜாதகம் கேட்கிறார்கள்.